மெகாவாட்டும் மணி நேரமும்



2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம் அது. அதற்கு இரண்டு நாள் முன்பு மாநிலத்தின் ஒருநாள் நுகர்வு 45 கோடி யூனிட்டைத் தாண்டியிருந்தது. இதன் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். 2022 ஜூலையில் ஒருநாள், இதே மாநிலத்தின் காற்றாலைகள் மட்டும் சுமார் 12 கோடி யூனிட் தந்தன. முதல் கணக்கு அக்கினி நட்சத்திரத்தின் வாசலில் எழுதப்பட்டது. இரண்டாவது ஆனிக் காற்றில் எழுதப்பட்டது. இரண்டும் ஒரே மாதத்தில் வருவதில்லை. தேவை கூடும் காலமும் காற்று கூடும் காலமும் விலகி நிற்கின்றன. ஒரு நாளுக்குள் பார்த்தாலும் அப்படியே: சூரிய மின்சாரம் உச்சியில் நிற்கும் நண்பகல் ஒரு பக்கம், வீடெல்லாம் விளக்கும் விசிறியும் ஏசியும் ஓடும் இரவு எட்டு மணி இன்னொரு பக்கம். இன்று நான் பேசப்போவது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

காலநிலைக் கொள்கை பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் மெகாவாட்டிலேயே நடக்கிறது. எத்தனை மெகாவாட் நிறுவினோம், எந்த மாநிலம் முதலிடம், இலக்கில் எத்தனை சதவீதம் எட்டினோம் என்பவையே செய்தி. 2025 ஜூனில் இந்தியாவின் மொத்த நிறுவுதிறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் எண்ணெயும் அல்லாத மூலங்களைச் சேர்ந்ததாக ஆனது. 2030-க்குள் எட்டுவோம் என்று 2022-இல் உலகுக்குச் சொன்ன இலக்கை ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டிவிட்டோம். இது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அதே நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. நிறுவுதிறன் என்பது ஓர் இயந்திரம் முழுவீச்சில் ஓடினால் எவ்வளவு தரும் என்ற கணக்கு. அது எந்த நேரத்தில் ஓடும் என்ற செய்தி அதில் இல்லை. சூரியத் தகடு இரவில் ஓடாது, காற்றாலை மார்கழியில் பெரும்பாலும் நின்றிருக்கும், அனல்மின் நிலையம் மட்டும் கேட்ட நேரத்தில் ஓடும் என்பதால், பாதி நிறுவுதிறனை வைத்துக்கொண்டும் உற்பத்தியில் கால்பங்கைச் சற்றே தாண்டி நிற்கிறோம். தமிழ்நாட்டில் எரிசக்தி மாற்றம் ‘எவ்வளவு’ என்ற கேள்வியைத் தாண்டி ‘எப்போது’ என்ற கேள்விக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன என்பதே என் வாதம். நம்முடைய விதிகளும் கட்டண அட்டவணைகளும் மானியங்களும் இன்னும் பழைய கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை, காற்றாலைகள் நிறைந்த நம் முப்பந்தல் போதும். முப்பந்தலைப் பற்றிப் பேசுவோர் அங்குள்ள காற்றைத்தான் புகழ்வார்கள். அந்தக் காற்று புகழுக்கு உரியதுதான். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய இடங்களில் மலை கொஞ்சம் வழிவிடுகிறது. அந்தக் கணவாய்களில் நெருக்குண்டு வரும் காற்று வேகம் எடுக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், அந்தச் சிறிய வேகக் கூடுதல் பெரிய செல்வம். ஆனால் அந்தக் காற்று எந்தக் காலத்திலும் அங்கே வீசிக்கொண்டுதான் இருந்தது. 1986-இல் முதல் சோதனைக் காற்றாலைகள் வந்தன. அவை ஆயிரக்கணக்கில் பெருகியது 1990-களின் நடுவிலும் அதற்குப் பிறகும்தான். பெருக வைத்தவை இரண்டு விதிகள். ஒன்று, காற்றாலையில் போட்ட முதலில் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள மத்திய அரசு தந்த சலுகை. மற்றொன்று, மின்வாரியம் தந்த பேங்கிங் வசதி.

இந்தப் பேங்கிங்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக்கு அடுத்தபடியாக அந்த ஆலைக்குப் பெரிய செலவு மின்சாரம். ஆலை முதலாளி ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலை போடுகிறார். காற்றாலையின் மீட்டரில் மாதந்தோறும் ரீடிங் எடுக்கிறார்கள். அந்த யூனிட்டுகள் மின்வாரியக் கம்பி வழியே வந்ததாகக் கொண்டு ஆலையின் மின்கட்டணத்தில் கழிக்கப்படுகின்றன. கம்பிக்கு வாடகை உண்டு, அதற்கு வீலிங் என்று பெயர். ஆனி, ஆடி, ஆவணியில் ஆலைக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காற்றாலை ஓடும். மிஞ்சிய யூனிட்டுகள் மின்வாரியத்தின் கணக்கில் வரவாக நிற்கும். அதில் ஒரு சிறு பங்கை வாரியம் கட்டணமாக எடுத்துக்கொள்ளும். மீதியை மார்ச் 31 வரை ஆலை எந்த மாதத்திலும் எடுத்துப் பயன்படுத்தலாம். தென்மேற்குப் பருவத்தின் நான்கைந்து மாதக் காற்று, ஓராண்டு முழுவதும் ஓடும் ஆலைக்குச் சோறு போட்டது இப்படித்தான். கோவை, திருப்பூர், ராஜபாளையம் ஆலைகள் இந்த விதியின் பலத்தில்தான் காற்றாலைகளை நட்டன. 2008-க்குப் பின் மின்வெட்டால் மாநிலம் தவித்த ஆண்டுகளில், சீசன் தொடங்கினால் வெட்டு குறையும் என்று ஊரெல்லாம் காற்றுக்காகக் காத்திருந்ததும் இவற்றை நம்பித்தான்.

விதிதான் காற்றாலையை நட்டது என்பதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. தேய்மானச் சலுகை 2012 ஏப்ரலில் விலக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் நாடு முழுவதும் 3,000 மெகாவாட்டுக்கு மேல் சேர்ந்த காற்றாலைத் திறன் அடுத்த ஆண்டே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2014-இல் சலுகை திரும்பி வந்தது, நிறுவலும் மெல்ல எழுந்தது. 2017-இல் நிலையான கொள்முதல் விலையை விட்டுவிட்டு ஏல முறைக்கு மாறினார்கள். 2016-17-இல் சுமார் 5,500 மெகாவாட் சேர்ந்த நாட்டில் மறு ஆண்டு 2,000 மெகாவாட்டுக்கும் கீழே போனது. இந்த ஆண்டுகளில் காற்று மாறவில்லை, இயந்திரமும் மோசமாகிவிடவில்லை. தொழில்நுட்பம் மலிந்தால் மாற்றம் தானே நடந்துவிடும் என்று இன்று பலர் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். மலிவு தேவைதான், ஆனால் மலிவான பொருள் எந்த விதிக்குள் வந்து விழுகிறது என்பதே அதன் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

இனி பேங்கிங் எதை மறைத்தது என்று பார்ப்போம். அறுவடையில் மிஞ்சிய நெல்லைக் குதிரில் கொட்டி வைத்துப் பஞ்ச மாதத்தில் அள்ளிக்கொள்வது போன்றதுதான் இந்த ஏற்பாடு என்று அதன் ஆதரவாளர்கள் விளக்குவார்கள். ஆனால் இங்கே குதிர் எதுவும் இல்லை. ஜூலையில் தந்த யூனிட் ஜூலையிலேயே எரிந்து தீர்ந்துவிடுகிறது. மார்ச்சில் ஆலை எடுக்கும் யூனிட்டை மின்வாரியம் அந்த நிமிடத்தில் புதிதாகத் தயாரிக்க வேண்டும், அல்லது சந்தையில் வாங்க வேண்டும். சென்னையிலுள்ள மாநில மின்சுமைப் பகிர்வு மையத்தில் ஒரு நாள் என்பது பதினைந்து நிமிடத் துண்டுகளாக 96 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் தேவை இவ்வளவு, காற்று இவ்வளவு, சூரியன் இவ்வளவு, மீதிக்கு எந்த நிலையம் எவ்வளவு என்று நிரப்ப வேண்டும். ஜூலை மாதம் அதிகாலை மூன்று மணி வரிசையில் ஊர் உறங்குகிறது, காற்று உறங்கவில்லை. அனல்மின் நிலையங்களை இறக்கச் சொல்கிறார்கள். அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. நீண்ட காலமாகப் பின்பற்றிய அளவு 55 சதவீதம், அதை 40-க்கு இறக்க மத்திய மின்சார ஆணையம் 2023-இல் விதி செய்தது. அதற்கும் கீழே போனால் கொதிகலனில் நெருப்பு நிலைகொள்ளாமல் எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டிவரும். முழுதாக அணைத்துவிட்டால் திரும்ப ஏற்றிச் சூடாக்கப் பல மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்கு அந்த நிலையம் தேவைப்படும். அந்த அதிகாலை யூனிட்டுக்கு அந்த நேரத்தில் மதிப்பு மிகக் குறைவு. அதையே மார்ச் மாதத்து இரவு ஏழரை மணிக்கு ஆலை எடுக்கும்போது சந்தையில் அதன் விலை பல மடங்கு. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே யூனிட். இந்த வித்தியாசத்தை யார் சுமந்தார்கள்? மின்வாரியம் சுமந்தது, அதன் பின்னால் நிலக்கரி சுமந்தது. ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடனில் நின்ற நிறுவனத்தின் தலையில் இதுவும் ஏறியது.

இந்தச் சுமையைத் தாங்க முடியாத வாரியம் வேறொரு வழி தேடியது: காற்றாலைகளையும் சூரிய மின் நிலையங்களையும் நிறுத்திவைக்கச் சொல்வது. தொழிலில் இருப்பவர்கள் இதைப் பேக்டவுன் என்பார்கள். சட்டப்படி புதுப்பிக்கத்தக்க மின்சாரம் கட்டாயம் ஓடவேண்டியது. கிரிட் எனப்படும் மின்தொடருக்கு ஆபத்து வந்தால் மட்டுமே நிறுத்தலாம். 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தமிழ்நாட்டுச் சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடர்பான வழக்கில், மின்தொடரின் பாதுகாப்புக்காக அல்லாமல் நிறுத்திவைத்த மின்சாரத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சொன்னது. தீர்ப்பு சரியானதே. ஆனால் அதைப் படித்துவிட்டு மின்வாரியத்தை மட்டும் குற்றவாளியாக்குவது எனக்கு உடன்பாடில்லை. விலையில் எங்கும் தெரியாத ஒரு செலவை ஒருவர் தலையில் கட்டினால் அவர் அதை எப்படியாவது தள்ளிவிடத்தான் பார்ப்பார். பின்னாளில் வந்த காற்றாலைகளுக்குப் பேங்கிங் வசதி குறுக்கப்பட்டது. அதில் நியாயம் இருந்தது. ஆனால் மணி நேரத்தின் மதிப்பை விலையில் காட்டும் வேறொரு ஏற்பாட்டை அதன் இடத்தில் வைக்கவில்லை. பழைய ஊக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதைத் தராமல் விட்ட இந்தக் காலத்தில்தான், பல பத்தாண்டுகள் காற்றாலைத் திறனில் நாட்டில் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைக் குஜராத் முந்தியது.

அதற்குள் சூரியன் வந்து நண்பகலின் கதையையே மாற்றிவிட்டது. 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று அது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலம் ஒன்றில் சூரிய மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 1 ரூபாய் 99 காசுக்கு வந்தது. நண்பகல்தான் இன்று ஒரு நாளின் மிக மலிவான பொழுது. இப்போது நம் கட்டண அட்டவணையைத் திறந்து பாருங்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட ஆணையில், உயர் அழுத்தத் தொழிற்சாலைகளுக்குக் காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் 25 சதவீதம் கூடுதல் கட்டணம். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. நண்பகலுக்கு ஒன்றும் இல்லை. காலை ஒன்பதரை மணிக்குக் கமுதியில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு ‘இப்போது ஓட்டாதே’ என்று சொல்கிறது அந்த அட்டவணை. மார்கழி மாதத்து நள்ளிரவில், காற்றும் இல்லாமல் சூரியனும் இல்லாமல் பெரும்பாலும் நிலக்கரி எரியும் நேரத்தில், ‘இப்போது ஓட்டு’ என்கிறது. இது அனல்மின் நிலையங்களை இரவில் அணைக்க முடியாமல் தவித்த காலத்தின் கடிகாரம். அன்று அது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

மத்திய அரசு 2023-இல் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரங்களில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்றது. விவசாயத்துக்கு விலக்கு அளித்தது. திசை சரி. ஆனால் தமிழ்நாட்டுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்வது போதாது என்பது என் கருத்து. அந்த விதி சூரியனை மட்டும் நினைத்து எழுதியது. ராஜஸ்தானுக்கு அது பொருந்தும். நம்மிடம் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை நம் இரவுகளில் மின்சாரம் மிஞ்சுகிறது; மாசி முதல் சித்திரை வரை இரவுகளில் பற்றாக்குறை. ஆகவே நமக்கு இரண்டு அட்டவணைகள் வேண்டும்: காற்றுப் பருவத்துக்கு ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று. காற்றுப் பருவத்தில் நண்பகலுக்கும் பின்னிரவுக்கும் தள்ளுபடி. மற்ற மாதங்களில் நண்பகலுக்கு மட்டும், அதுவும் தாராளமாக. ஆலைக்காரர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. பல ஆண்டுகளாகக் காற்றின் மாதங்களைக் கணக்கிட்டு நூல் நூற்றவர்கள் அவர்கள்.

இங்கே முதல் பெரிய ஆட்சேபம் எழுகிறது. நேரத்துக்கு விலை வைத்தால் ஏழைகளும் விவசாயிகளும் அடிபடுவார்கள், இது இலவச மின்சாரத்தைப் பின்வாசல் வழியாகப் பறிக்கும் முயற்சி என்பார்கள். இந்த அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சீர்திருத்தம் என்ற பெயரில் அப்படி நடந்திருப்பதும் உண்மை. இரவு எட்டு மணிக்குச் சமைக்கும் வீட்டுக்கு வேறு நேரம் கிடையாது. அந்த வீட்டுக்கு உச்ச நேரக் கட்டணம் போடுவது தண்டனை. வீடுகளை இதற்குள் இப்போது இழுக்க வேண்டாம். விவசாயத்தைப் பொறுத்தவரை ஒரு பைசா வாங்காமலே காரியம் நடக்கும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் பம்புசெட் இணைப்புகள் உள்ளன. 1984-இல் சிறு விவசாயிகளுக்குத் தொடங்கிய இலவச மின்சாரம் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் ஆனது. பயிருக்குத் தண்ணீர் எந்த மணிக்கு வந்தது என்பது முக்கியமல்ல. அன்றைக்கு வந்ததா என்பதே முக்கியம். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் மோட்டார் ஓடும். நள்ளிரவில் கரண்ட் வந்தது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு, பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து வரப்பில் நடந்த தலைமுறைகளைக் கேளுங்கள், எந்த நேரம் வேண்டும் என்று சொல்வார்கள். குஜராத் 2020-இல் கிசான் சூர்யோதய என்ற திட்டத்தில் விவசாய மின்சாரத்தைப் பகலுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. மகாராஷ்டிரம் 2017 முதல் கிராமத் துணைமின் நிலையங்களின் பக்கத்திலேயே சிறு சூரிய மின் நிலையங்களை அமைத்து விவசாயத்துக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பித்தடங்களான பீடர்களுக்குப் பகலில் தருகிறது. கர்நாடகமும் பம்புசெட் சுமையைச் சூரிய நேரத்துக்கு நகர்த்தியிருக்கிறது. இதற்கு முன்தேவை, விவசாயப் பீடரை வீட்டுப் பீடரிலிருந்து பிரிப்பது. குஜராத் அதை 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் செய்துமுடித்தது. நாம் இன்னும் முழுமையாகச் செய்யவில்லை. தாராளமான பகல் மின்சாரம் நிலத்தடி நீரை வேகமாக வற்றவைக்கும் என்ற கவலை நியாயமானது, ஆகவே நேரத்தை நகர்த்த வேண்டுமே தவிர மணிகளைக் கூட்டக் கூடாது.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் கருத்து வேறுபாடு குறைவு. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. நூறு மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, மலைக்குள் குடைந்த பாதாள நிலையம். மின்சாரம் மிஞ்சும்போது கீழேயுள்ள மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலேற்றும். தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும். இரவில் மிஞ்சும் அனல் மின்சாரத்தை நினைத்துக் கட்டியது அது. இன்று அதே இயந்திரம் நண்பகல் சூரியனைக் கொண்டும் மேலேற்றலாம். நீலகிரியில் போர்த்திமந்து நீர்த்தேக்கத்துக்கும் அவலாஞ்சி–எமரால்டுக்கும் இடையே குந்தா நீரேற்றுத் திட்டம், 500 மெகாவாட், நெடுங்காலமாகக் கட்டுமானத்தில் இருக்கிறது. அதன் தாமதம் எனக்கு வருத்தம் தருகிறது. தொழில்நுட்பத்தில் நமக்குத் தெரியாதது அதில் எதுவும் இல்லை. பேட்டரி விலையும் கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக இறங்கிவிட்டது. ஆனால் எந்தச் சேமிப்பும் மலிவான நேரத்துக்கும் விலையுயர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பிழைக்கும். அந்த வித்தியாசத்தை நம் அட்டவணை மறைக்கும்வரை, தனியார் யாரும் பேட்டரியில் துணிந்து முதல் போடமாட்டார்கள். போடுகிறவர்கள் அரசிடம் மானியம் கேட்டுத்தான் போடுவார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் பொறியாளர்களிடமிருந்து வருகிறது, அதற்கு மதிப்புக் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். காற்றையும் சூரியனையும் நம்பினால் மின்தொடர் ஒருநாள் சாய்ந்துவிடும் என்கிறார்கள். அவர்கள் சுட்டிக்காட்டும் ஊர் தெற்கு ஆஸ்திரேலியா. அந்த மாநிலம் 2016 மே மாதம் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது. செப்டம்பர் 28 அன்று மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. நடந்தது இது: கடும் புயலில் உயர் மின்கோபுரங்கள் சாய்ந்தன, மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தது, சில நிமிடங்களுக்குள் இத்தனை முறை சரிந்தால் நின்றுவிட வேண்டும் என்று பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டில் ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள், அவை நின்றன, அவ்வளவு சுமையும் பக்கத்து மாநில இணைப்பின் மேல் விழ, அது துண்டித்துக்கொண்டது. மின்தொடரை நடத்தியவர்களுக்கே அந்த அமைப்பைப் பற்றி முன்பு தெரிந்திருக்கவில்லை. விசாரணைக்குப் பின் அதை மாற்றினார்கள். மறு ஆண்டு இறுதியில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். நொடிக்குள் தலையிட்டு அலைவெண்ணைப் பிடித்து நிறுத்தும் வேலையை அது செய்து காட்டியது. அந்த மாநிலம் நிலக்கரிக்குத் திரும்பவில்லை. பொறியாளர்களின் எச்சரிக்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, ஒவ்வொரு காற்றாலையின் கட்டுப்பாட்டு அமைப்பையும் பகிர்வு மையம் அறிந்திருக்க வேண்டும் என்பதுதான். முப்பந்தலில் மூன்று தலைமுறை இயந்திரங்கள் கலந்து நிற்கின்றன என்பதை நினைத்தால் இது நமக்கு அவசர வேலை.

மூன்றாவது ஆட்சேபம் நீதியைப் பற்றியது. இந்தியரின் தலைக்கு வெளியாகும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. இரண்டு நூற்றாண்டு நிலக்கரி எரித்து வளர்ந்தவர்கள் நம்மைப் பார்த்து நிறுத்தச் சொல்ல என்ன உரிமை என்று கேட்கிறார்கள். கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம். சர்வதேச மேடையில் அதை விடாமல் கேட்க வேண்டும், நிதியும் தொழில்நுட்பமும் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் நான் இதுவரை சொன்ன எதுவும் அவர்களுக்காகச் சொன்னதல்ல. தமிழ்நாட்டில் நிலக்கரி விளைவதில்லை. நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்கும் கரிக்கு நாம் விலையோடு கூலியும் கொடுக்கிறோம். எரித்தபின் மிஞ்சும் சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்து, அங்கே மீனும் இறாலும் பிடித்துப் பிழைத்த மக்களின் தொழிலை அழித்தது. நண்பகல் சூரியனையும் ஆனிக் காற்றையும் நிறுத்திவைத்துவிட்டு அந்தக் கரியை எரிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்கே நட்டம். உலக நீதிக்கான வழக்கு நடந்துகொண்டே இருக்கட்டும். அதன் தீர்ப்பு வரும்வரை நம் வீட்டுக் கணக்கைத் திருத்தாமல் இருக்கத் தேவையில்லை.

ஆலை முதலாளிகளின் குறையும் பாக்கி இருக்கிறது. விதியை நம்பி முதல் போட்டோம், பாதி வழியில் விதியை மாற்றுகிறீர்கள் என்கிறார்கள். முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்று மிகுந்த நிலங்களில் இன்றும் நிற்பவை 225, 250, 500 கிலோவாட் பழைய இயந்திரங்கள். முப்பது, ஐம்பது மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இன்றைய இயந்திரம் நூறு மீட்டருக்கு மேல் நின்று இரண்டு மூன்று மெகாவாட் தரும். பழையதைக் கழற்றிப் புதியதை நடும் ரீபவரிங்குக்கு மத்திய அரசு 2016-இல் ஒரு கொள்கையும், தமிழ்நாடு 2024-இல் ஒரு கொள்கையும் வெளியிட்டன. 2016 கொள்கையால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காரணம் எளிது: பழைய இயந்திரத்தோடு பழைய பேங்கிங் உரிமையும் ஒட்டியிருக்கிறது, இயந்திரத்தைக் கழற்றினால் உரிமையும் போகும் என்ற பயம். தேய்ந்த இயந்திரம் ஒன்று நல்ல காற்றின் மேல் உட்கார்ந்திருப்பது அந்தப் பயத்தினால்தான். உரிமையைப் பறிப்பதும் வேண்டாம், அப்படியே என்றென்றைக்கும் நீட்டுவதும் வேண்டாம். புதிய இயந்திரம் வைப்பவருக்கு, அது மாலை ஆறு முதல் பத்து வரை தரும் யூனிட்டுக்கு நல்ல விலையும் மிஞ்சும் நேரத்து யூனிட்டுக்குக் குறைந்த விலையும் நீண்ட கால ஒப்பந்தமாக எழுதித் தரலாம். உயரமான புதிய இயந்திரம் மெல்லிய காற்றிலும் ஓடும் என்பதால் மாசி, பங்குனியிலும் அவருக்குக் கொஞ்சம் கிடைக்கும். இழந்த பேங்கிங்கில் பெரும்பகுதி அதில் ஈடாகும், மின்வாரியத்தின் முதுகும் நிமிரும்.

கடைசியாக, நிலக்கரி நிலையங்களில் வேலை செய்பவர்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் இயந்திரம் 1979-இல் ஓடத் தொடங்கியது. அங்கே 210 மெகாவாட் இயந்திரங்கள் ஐந்து. நான் சொல்லும் மாற்றத்தில் இப்படிப்பட்ட நிலையங்கள் ஒரே நாளில் மூடப்படுவதில்லை. மாசி முதல் சித்திரை வரையிலான மாலைகளுக்கும் மார்கழி இரவுகளுக்கும் அவை இன்னும் பல ஆண்டு தேவை. ஆனால் ஆண்டு முழுவதும் ஓடிய நிலையம் சில மாதங்களில் சில மணி நேரம் மட்டும் ஓடும். அதற்கு ஆள் எண்ணிக்கையும் வேலை முறையும் மாறும். நிரந்தர ஊழியருக்குச் சங்கமும் ஓய்வூதியமும் இருக்கின்றன. கரி இறக்குபவர், சாம்பல் அள்ளுபவர், கொதிகலன் பராமரிப்பில் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நிற்பவர் ஆகியோருக்கு நிலையத்தின் பதிவேட்டில் பல நேரம் பெயர்கூட நிலையாக இருப்பதில்லை. நெய்வேலியில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு அதே சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் குடும்பங்களும் இந்தக் கணக்கில் வர வேண்டும். எந்த இயந்திரம் எந்த ஆண்டிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடும் என்ற அட்டவணையை அரசு இன்றே வெளியிடலாம். அந்த 96 வரிசைக் கணக்கு கையில் இருக்கும்போது இது முடியாத காரியமல்ல. அதோடு சேர்த்து, ஒவ்வொரு நிலையத்திலும் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், எத்தனை ஆண்டாக, எந்தத் திறனோடு இருக்கிறார்கள் என்ற பதிவேடும் தயாராக வேண்டும். குந்தாவிலும் கயத்தாறிலும் துணைமின் நிலையங்களிலும் வரும் புதிய வேலைகளுக்கு அந்தப் பதிவேட்டிலிருந்துதான் முதலில் ஆள் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிடலாம்.